பழைய ஆட்டோ போகஸ் காமிராக்கள்: கடையில் தீரும் பழுதும், கை வைக்கக் கூடாத பழுதும்

மளிகைக் கடைக்கும் காமிராவுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பிலிம் காமிராவின் காலம் முடிந்து விட்டது என்று நாம் கணக்கை மூடி வெகு நாளாயிற்று. ஆனால் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பிலிம் காமிராவைத் தேடி அலைகிறார்கள். வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, "இதுக்கு என்ன பேட்டரி அண்ணாச்சி? போட்டா ஓடுமா?" என்று கேட்டு அவர்கள் முதலில் வருவது நம் கடைக்குத்தான். பேட்டரி விற்பவர் நாம்தானே!

அந்த இடத்தில் நாம் சொல்லும் பதிலுக்கு விலை உண்டு. "ஓடாது தம்பி, தூக்கிப் போடு" என்றால் நல்ல பொருள் ஒன்று குப்பைக்குப் போகிறது. "ஓடும்" என்று சொல்லி விலை கூடிய லித்தியம் பேட்டரியை விற்று, அது ஓடாமல் போனால் வாடிக்கையாளர் நம் முகத்தில் விழிக்க மாட்டார். ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர்களும் பழைய சாமான் வியாபாரம் செய்பவர்களும் இத்தகைய காமிராக்களை மொத்தமாக வாங்கி, பாதிக்கு மேல் ஓடாமல் முதலை முடக்கிக் கொள்வதும் நடக்கிறது. ஆகவே எந்தப் பழுது சுலபம், எது ஆபத்து, எது வீண் செலவு என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வியாபாரிக்குத் தேவை.

இந்தக் காமிராக்கள் வந்த கதை

போகஸைத் தானே சரிசெய்து கொள்ளும் காமிராவை முதன் முதலில் பெருமளவில் செய்து விற்றது ஜப்பானின் கொனிகா நிறுவனம். ஆண்டு 1977. மாடல் சி35 ஏ.எப். 1979இல் கேனன் நிறுவனம் ஏ.எப்.35எம் என்ற மாடலைக் கொண்டு வந்தது. லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய காமிராக்களில், போகஸ் மோட்டாரை உடலுக்குள்ளேயே வைத்துப் பெரும் வெற்றி கண்டது 1985இல் வந்த மினோல்டா 7000. கேனன் 1987இல் இ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கி, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. சட்டைப் பையில் அடங்கும் ஒலிம்பஸ் மியூ 1991இல் வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பிய நம்மவர்களின் பெட்டிகளிலும், சென்னை பர்மா பஜார் கடைகளிலும் நாம் பார்த்த காமிராக்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவையே.

பிறகு டிஜிட்டல் வந்தது. கொனிகாவும் மினோல்டாவும் 2003இல் ஒன்றாகி, 2006இல் காமிராத் தொழிலையே விட்டு வெளியேறின. நிக்கான் 2006இல் தன் பிலிம் காமிராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. கேனன் தன் கடைசி பிலிம் காமிராவான இ.ஓ.எஸ்.1வி-யின் விற்பனை முடிந்தது என்று 2018இல் அறிவித்தது. ஆகவே இந்தக் காமிராக்களுக்குப் புதிய உதிரி பாகம் வராது. இன்னொரு காமிராவிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால், எதைப் பழுது பார்க்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சுத்தம் செய்து தீரும் பழுது நம் கையில் உள்ளது. பாகம் மாற்றித் தீரும் பழுது நம் கையில் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை

உள்ளே பிளாஷ் உள்ள எந்தக் காமிராவையும் திருப்புளி கொண்டு பிரிக்கக் கூடாது. பிளாஷ் எரிவதற்காக உள்ளே ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் சேர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அது உடனே இறங்கி விடாது. நாள் கணக்கில் தங்கியிருக்கும். பேட்டரி மூன்று வோல்ட்தானே என்று நினைத்து விரலை விட்டால் பலத்த அடி விழும். இதய நோய் உள்ளவர்களுக்கு அது மிகவும் ஆபத்து. கடைப் பையனிடம் "பிரிச்சுப் பாருடா" என்று ஒருபோதும் கொடுக்க வேண்டாம். கீழே நாம் சொல்பவை அனைத்தும் உடலைப் பிரிக்காமல், பேட்டரி மூடியையும் பின்கதவையும் மட்டும் திறந்து செய்யக் கூடியவை.

பேட்டரிப் பெட்டி

"செத்த காமிரா" என்று வருபவற்றில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேட்டரிப் பெட்டி. பத்து வருடம் முன்பு போட்ட பேட்டரி உள்ளேயே கசிந்து, தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். மின்சாரம் போக வழி அடைத்துக் கொண்டதே தவிர, இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளிவருவது காரம். அதை முறிக்க அமிலம் வேண்டும். நம் கடையில் உள்ள வினிகரே போதும். பஞ்சுக் குச்சியை வினிகரில் லேசாக நனைத்து, பிழிந்து, பூத்த இடத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். சாதாரண கார்பன் பேட்டரிக் கட்டை கசிந்தால் அது அமிலத் தன்மை உடையது. அதற்கு வினிகர் பயன்படாது. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் சிறிது கரைத்து அதே முறையில் துடைக்கலாம். எதுவாயினும் சொட்டுச் சொட்டாக ஊற்றக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கினால் இருந்ததும் போய்விடும். காமிராவைப் பேட்டரிப் பெட்டி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடைப்பது நல்லது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சில மணி நேரம் உலர விட வேண்டும். கையில் உறை போட்டுக் கொள்ளுங்கள். அந்தப் பொடி கண்ணில் பட்டால் தீங்கு.

பலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். தகட்டின் மேலிருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் அது முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகும். ரப்பர்த் தூள் உள்ளே விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, கசிவு கம்பி வழியாக உள்ளே ஏறியிருந்தாலோ அது நம் வேலை அல்ல. அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சரியான பேட்டரி எது

இது பேட்டரி விற்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. மினோல்டா 7000க்கு மெல்லிய பென்சில் கட்டை, அதாவது ஏஏஏ அளவு, நான்கு வேண்டும். நிக்கான் எப்.801க்கு ஏஏ அளவு நான்கு. கேனன் இ.ஓ.எஸ். 650க்கு 2சி.ஆர்.5 என்ற ஆறு வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று. ஒலிம்பஸ் மியூவுக்கு சி.ஆர்.123ஏ என்ற மூன்று வோல்ட் லித்தியம் ஒன்று.

இதில் ஒரு பொறி உண்டு. சி.ஆர்.123ஏ அளவிலேயே சார்ஜ் செய்யக் கூடிய லித்தியம் பேட்டரிகளும் சந்தையில் கிடைக்கின்றன. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் அதில் பல வகைகள் முழு சார்ஜில் நான்கு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். மூன்று வோல்ட்டுக்குச் செய்த காமிராவில் அதைப் போட்டால் மின்சுற்று கருகக் கூடும். லேபிளில் வோல்ட் பார்க்காமல் அளவை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். மாறாக, சார்ஜ் செய்யும் ஏஏ கட்டைகள் 1.2 வோல்ட்தான் தரும். சில காமிராக்கள் அதைத் தீர்ந்து போன பேட்டரி என்று எண்ணி இயங்க மறுக்கும். அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

பழைய பேட்டரி மல்டி மீட்டரில் சரியான வோல்ட் காட்டினாலும் மோட்டார் ஓடும்போது பளு தாங்காமல் படுத்துவிடும். எனவே புதிய பேட்டரி ஒரு செட் சோதனைக்கென்றே தனியாக வைத்துக் கொள்வது சிக்கனம். ஒரே செட்டைக் கொண்டு எத்தனை காமிரா வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

உருகிப் போன நுரை

பின்கதவின் ஓரங்களில் வெளிச்சம் உள்ளே புகாமலிருக்க மெல்லிய கறுப்பு நுரைப் பட்டை ஒட்டியிருப்பார்கள். பத்து, இருபது ஆண்டுகளில் காற்றின் ஈரத்தால் இந்த நுரை மக்கி, தார் போல ஒட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாகவே நடக்கும். அதன் விளைவு, படத்தில் ஆரஞ்சு நிறக் கோடுகளும் வெளிறிய திட்டுகளும் விழும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துக் கொள்வார்.

இதற்கு வைத்தியம் எளிது. மூங்கில் குச்சியைச் சீவி அதனால் பழைய நுரையைச் சுரண்டி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதே கனத்தில் புதிய கறுப்பு நுரைப் பட்டையையோ, குறுகிய பள்ளமானால் கறுப்புக் கம்பளி நூலையோ பதிக்கலாம். சுரண்டும்போது தூள் ஷட்டர் பக்கம் போகாமலிருக்க ஒரு துண்டுத் தாளை அங்கே மறைவாகப் பிடித்துக் கொள்ள வேண்டும். தாள் ஷட்டரைத் தொடக் கூடாது.

காமிராவின் வெளி ரப்பர் பிசுபிசுப்பதும் இதே இனம்தான். நிக்கான் எப்.90 மாடலின் பின்கதவு இதற்குப் பேர் போனது. ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால் பிசுபிசுப்பு நீங்கி, அடியில் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் தெரியும்.

ஷட்டரில் கறை

1980களின் கடைசியில் வந்த கேனன் இ.ஓ.எஸ். காமிராக்கள் பலவற்றில் ஒரு பொதுவான நோய் உண்டு. ஷட்டர் தகடுகள் வேகமாக வந்து மோதும் இடத்தில் அதிர்ச்சி தாங்க ஒரு சிறு நுரைத் தாங்கி வைத்திருந்தார்கள். அது உருகித் தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது. தகடு சரியான நேரத்தில் திறப்பதில்லை. படத்தின் ஒரு பகுதி கறுப்பாக வரும். சில சமயம் முழுப் படமும் கறுப்பாகிவிடும்.

பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தில் ஷட்டர் தகடுகளைப் பாருங்கள். தகட்டில் கறுப்பாகப் பளபளக்கும் பசை தெரிந்தால் இதுதான் காரணம். மிக லேசாக ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்து, பிலிம் இல்லாமல் பலமுறை கிளிக் செய்து, மறுபடி ஒற்ற வேண்டும். தகடுகள் மிக மெல்லியவை. விரல் பட்டால் வளைந்துவிடும், வளைந்தால் காமிரா முடிந்தது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பசையின் ஊற்றான தாங்கி உள்ளேயே இருப்பதால், இந்தச் சுத்தம் தற்காலிகமானதே. சில மாதங்களில் மறுபடி ஒட்டலாம். முழுத் தீர்வு வேண்டுமானால் காமிராவைப் பிரித்துத் தாங்கியை எடுக்க வேண்டும். அது தேர்ந்த மெக்கானிக் வேலை. எனவே இந்த வகையை விற்கும்போது இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிலிம் ஓடவில்லை, தானே சுற்றிக்கொண்டது

பிலிமின் நுனியைக் குறியிட்ட இடம் வரை இழுத்து, துளைகள் பல் சக்கரத்தில் பதியும்படி வைத்துக் கதவை மூட வேண்டும். நுனி குறைவாக இருந்தாலும், அதிகமாக இழுத்துச் சுருண்டிருந்தாலும் பிலிம் ஓடாது. பாதி ரோலில் மோட்டார் திரும்பச் சுற்றிவிட்டது என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

சில மாடல்களில் எண் 36லிருந்து குறைந்துகொண்டே வரும். அது பழுது அல்ல. அவை பிலிம் முழுவதையும் முதலிலேயே வெளியே சுற்றிவிட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் இழுத்துக் கொள்ளும் வகை. நடுவில் கதவு திறந்துவிட்டாலும் எடுத்த படம் பத்திரமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு.

பிலிம் டப்பா உட்காரும் குழியில் சிறு சிறு உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கோடாக் நிறுவனம் 1983இல் கொண்டு வந்த டி.எக்ஸ். குறியீட்டை, அதாவது பிலிமின் வேகத்தை, காமிரா படிப்பது இவற்றின் வழியாகத்தான். இவை அழுக்கானால் வேகத்தைத் தப்பாகப் படித்து, எல்லாப் படமும் கறுத்தோ வெளுத்தோ போகும். ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்தால் தீர்ந்தது.

போகஸ் தவறுகிறது

கேனன் ஏ.எப்.35எம் போன்ற சிறு காமிராக்களின் முகப்பில் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் போகும். எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்புவதை மற்றொன்று வாங்கி, எந்தக் கோணத்தில் வந்தது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். அந்த ஜன்னலில் கைரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் கணக்கு தவறும். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பஸ், ரயில் கண்ணாடி வழியாக எடுத்தால் கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பி ஏமாற்றிவிடும். அதுவும் பழுது அல்ல.

லென்ஸ் கழற்றி மாட்டும் காமிராக்களில், லென்ஸின் பின்னாலும் உடலின் முகப்பிலும் உள்ள தொடுபுள்ளிகளைத் துடைத்துவிட்டு, ஆட்டோ, மானுவல் மாற்றும் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். "போகஸ் ஆகவில்லை" என்று வரும் காமிராவில் பொத்தான் மானுவலில் கிடப்பதும் உண்டு. உள்ளே உள்ள கண்ணாடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் துணியால் துடைக்க வேண்டாம். அதன் பூச்சு மேற்புறத்திலேயே இருப்பதால் கீறல் விழுந்துவிடும். ரப்பர் பல்பால் ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

பூஞ்சையும் அரிசி மூட்டையும்

லென்ஸைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலை போலப் படர்ந்திருப்பது பூஞ்சை. உள் கண்ணாடியில் படர்ந்திருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. அத்தகைய காமிராவை நல்ல சரக்கோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம். வராமல் தடுப்பதுதான் வழி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்து, அவை ஈரம் ஏறியதும் மாற்ற வேண்டும். தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டுவது பூஞ்சையைக் கூப்பிட்டு வளர்ப்பதாகும்.

நனைந்த காமிராவை அரிசியில் புதைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அரிசியில் தவிட்டுத் தூள் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாததா? அது லென்ஸ் குழலின் பல் சக்கரங்களில் புகுந்துவிடும். அரிசி விற்பனைக்கு உதவும் யோசனையானாலும் அதைச் சொல்ல வேண்டாம்.

எங்கே நிறுத்த வேண்டும்

ஜூம் குழல் நீண்டு பாதியில் நின்றுவிட்டது, உள்ளே கர கரவென்று சத்தம் கேட்கிறது, திரையில் எழுத்துகள் அழிந்து தெரிகின்றன, பிளாஷ் ஏறவே இல்லை என்றால் அவை பல் சக்கரம், மின்சுற்று சம்பந்தப்பட்டவை. குழலைக் கையால் திருகி இழுத்தால் மிச்சமுள்ள பல்லும் உடையும். பிளாஷ் சிக்கலை அறவே தொட வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதானாலும், முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்: ஜப்பானியத் திருகாணிக்குரிய முனையுள்ள திருப்புளி அவரிடம் இருக்கிறதா? ஜப்பானியக் காமிராவின் நட்சத்திரத் திருகாணி, நாம் புழங்கும் சாதாரண நட்சத்திர முனைக்குச் சரியாகப் பொருந்தாது. தலை தேய்ந்து போகும். தேய்ந்த திருகாணிகள் உள்ள காமிரா, ஏற்கெனவே யாரோ பிரித்த காமிரா என்பதற்கும் அதுவே அடையாளம். வாங்கும்போது இதைப் பார்த்து விலையைக் குறைத்துப் பேசலாம்.

வாங்கல், விற்றல் கணக்கு

கணக்கு முறை விளங்குவதற்காக ஓர் உதாரணம். பத்துக் காமிராக்களை ஒன்று 200 ரூபாய் வீதம் 2,000 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக் கொள்வோம். சுத்தம் செய்தபின் நான்கு தேறுகின்றன. மற்ற ஆறும் பாகத்துக்குத்தான் ஆகும் என்றால், தேறிய ஒன்றின் அடக்க விலை 200 அல்ல, 500. அதற்கு மேல் சோதனை பிலிம், அதைக் கழுவும் செலவு, நம் நேரம் எல்லாம் சேரும். பிலிம் சோதனையைத் தேறியவற்றுக்கு மட்டும் செய்தால் செலவு குறையும். இந்தக் கணக்கைப் போடாமல் "200க்கு வாங்கி 450க்கு விற்றேன், லாபம்" என்று நினைப்பவர் உண்மையில் ஒவ்வொரு காமிராவுக்கும் 50 ரூபாய் இழக்கிறார்.

விற்கும்போது மூன்று வகையாகப் பிரித்துச் சீட்டு ஒட்டுங்கள். பிலிம் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தது ஒன்று. பேட்டரி போட்டு இயக்கம் மட்டும் பார்த்தது இரண்டு. பாகத்துக்கு மட்டும் என்பது மூன்று. ஷட்டர் சத்தம் கேட்டதை வைத்து "நன்றாக எடுக்கும்" என்று சொல்லக் கூடாது. பிலிம் கழுவி வந்த பின்தான் குறை தெரியும் என்பதால், காமிரா வாங்கியவரின் பணத்தோடு ஒரு கல்யாணத்துப் படமோ, குழந்தையின் முதல் பிறந்த நாள் படமோ சேர்ந்து போய்விடும். அந்தப் படங்களைத் திரும்ப எடுத்துக் கொடுக்க எந்த வியாபாரியாலும் முடியாது.

கடைசியாக, காமிரா விற்காத மளிகை வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன பேட்டரிக் கசிவு காமிராவுக்கு மட்டும் வருவதல்ல. சுவர்க் கடிகாரம், டார்ச் லைட், ரிமோட், ரேடியோ எல்லாவற்றுக்கும் அதே கதைதான். பேட்டரி சரக்கில் முன்னால் வந்ததை முன்னால் விற்று, அட்டையில் உள்ள தேதி கடந்ததை ஒதுக்கி வையுங்கள். பழையதையும் புதியதையும், கார்பனையும் அல்கலைனையும் கலந்து கொடுக்காதீர்கள். பேட்டரி கொடுக்கும்போது, "ரொம்ப நாள் உபயோகிக்காம வச்சா கட்டையைக் கழற்றி வச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொல்ல நமக்குக் காசு செலவில்லை. அதைக் கேட்டு நடப்பவர் வீட்டில் ஒரு நல்ல பொருள் பிழைத்துக் கிடக்கும். அடுத்த பேட்டரிக்கும் அவர் நம் கடையையே தேடி வருவார்.